இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையில் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டு அரசியலுக்கும் உண்மையில் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அரசியல் சட்டப் புத்தகத்தைவிடத் தேர்தல் முடிவுகளில்தான் அது நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் அதிபர் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் வில்சன் பாரிஸில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி முடித்த வெர்சாய் உடன்படிக்கையை அவர் நாட்டு செனட்டே தோற்கடித்தது. நம் நாட்டில் அப்படியொரு நிபந்தனை கிடையாது. அமைச்சரவை முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அதைச் செயல்படுத்தப் புதுச் சட்டம் தேவைப்பட்டால்தான் நாடாளுமன்றத்துக்கு வேலை. நிலத்தை விட்டுக்கொடுப்பது மட்டும் விதிவிலக்கு: அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று மேற்கு வங்க எல்லையிலுள்ள பெருபாரியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதன் விளைவை 1974-ல் பார்க்கலாம். அந்த மே மாதம் இந்திரா காந்தி வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானுடன் நில எல்லை ஒப்பந்தம் செய்தார். ஜூனில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் கச்சத்தீவு ஒப்பந்தம். முதலாவதில் நிலம் கைமாறுவதால் திருத்தம் தேவைப்பட்டது. மேற்கு வங்கத்திலும் அசாமிலும் எதிர்ப்பு எழ, அது 41 ஆண்டுகள் இழுத்தது; 2015 மே மாதம்தான் 100-வது திருத்தமாக நிறைவேறியது. கச்சத்தீவிலோ, 'தகராறில் இருந்த எல்லைக்குக் கோடு போட்டோம், நிலம் எதையும் கொடுக்கவில்லை' என்பது அரசின் வாதம். திருத்தமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. மேற்கு வங்க எல்லையிலுள்ள கூச் பிகார்க்காரர்களுக்கு நாற்பது ஆண்டுகள் பேரம் பேச நேரம் கிடைத்தது. ராமேஸ்வரம் மீனவனுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. சட்டசபைத் தீர்மானங்கள் 1991-லும் வந்தன, 2025-லும் வந்தன. டெல்லியை அவை கட்டுப்படுத்தாது.

அப்படியானால் மாநிலத்தின் குரல் எப்போதுதான் எடுபடும்? ஆட்சி ஆட்டம் காணும்போது. 2013 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீதான தீர்மானம் வந்த நேரத்தில், 18 எம்.பி.க்கள் வைத்திருந்த தி.மு.க. மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. அந்த நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். ஆறே மாதத்தில் காட்சி தலைகீழ். 2014-ல் அ.தி.மு.க. 37 இடங்களை வென்றது, எங்கள் வேலூர் உட்பட. முன்னதைவிட இரு மடங்கு பலம். ஆனால் பா.ஜ.க.வுக்குத் தனியாகவே 282. ஜெயலலிதாவும் கூட்டணியிலேயே இருந்த வைகோவும் எதிர்த்தும், மோடியின் பதவியேற்பில் இலங்கை அதிபர் ராஜபக்சே வந்து உட்கார்ந்தார். 18 பேர் சாதித்ததை 37 பேரால் சாதிக்க முடியவில்லை. இதைக் கொள்கை மாற்றம் என்று விளக்குபவர்கள் உண்டு. எனக்கு இது வெறும் கூட்டல் கழித்தல்.

வெளியுறவு முடிவுகளின் விளைவை வேலூரில் லாட்ஜ் வரவேற்பு மேசையிலேயே பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள், மீன் குழம்புச் சோறு போடும் கடைகள், சமைத்துக்கொள்ள அடுப்போடு வாடகைக்கு விடும் அறைகள். வங்கதேசத்திலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஏராளம். வங்கதேசத்தவர் வந்தால் மட்டும், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவத்தை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். 2024 ஆகஸ்டில் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறியதும் இந்தியா விசா சேவையைச் சுருக்கியது. நண்பர் ஒருவரின் லாட்ஜில் சி படிவம் பதிகிற வேலையே பெரும்பாலும் நின்றுபோனது, மாடி அறைகளின் வாடகையைக் குறைத்தார். விசா முழுக்க நிர்வாக முடிவு, எந்த அவையின் ஒப்புதலும் தேவையில்லை.

"எம்.பி.யிடம் சொல்லிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். சொல்லலாம். அவர் கேள்வி எழுதிக் கொடுப்பார், 'நிலைமை தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது' என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் வரும்.