வீட்டில் கட்டிய சிறு நீர்மூழ்கியை அவசரமாக நிறுத்துவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: இருவர் அமரும் நீர்மூழ்கி ஒன்றைக் கட்டி வருகிறேன். எடை 1,500 கிலோ, வேகம் 4 நாட். மோட்டாரை நிறுத்தினால் நீரே கலத்தை நிறுத்திவிடாதா?

பதில்: நிறுத்தும், ஆனால் உங்களுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தாது. நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியாகும்போது தடை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் கலம் முதலில் நன்றாக வேகம் குறைந்து, பிறகு வெகுநேரம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். 4 நாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். அந்த வேகத்தில் தடை 300 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், வேகம் 1 நாட்டுக்கு இறங்குவதற்குள் கலம் ஏறத்தாழ 30 மீட்டர் சென்றிருக்கும். அதற்கு அரை நிமிடம் பிடிக்கும். கலத்தின் வெளிக்கூட்டுக்குள் நீர் நிரம்பும் இடங்கள் இருந்தால், அந்த நீரின் எடையையும் கலத்தின் எடையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும், ஏனெனில் அதையும் சேர்த்துத்தான் நிறுத்தியாக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றுவதே சிறந்த பிரேக்கா?

பதில்: முதல் பிரேக் அதுதான். முன்னோக்கித் தள்ளுவதற்காகச் செதுக்கப்பட்ட விசிறியிதழ் பின்னோக்கிச் சுழலும்போது முழு விசையைத் தராது. அதே கலத்தில் பின்விசை 150 நியூட்டன் கிடைத்தால், 12 மீட்டரில், ஏறத்தாழ 14 நொடியில் கலம் நிற்கும். ஆபத்தைக் கண்டு கை மோட்டாரின் திசையை மாற்றுவதற்குள் 2 நொடி கடந்தால், மேலும் 4 மீட்டர் கூடும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டார் முழு வேகத்தில் முன்னோக்கிச் சுழலும்போது மின்முனைகளைச் சட்டென்று மாற்றினால், மோட்டார் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் பேட்டரியின் மின்னழுத்தமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கணத்தில், மோட்டார் அசையாமல் நிற்கையில் இழுக்கும் மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டம் பாயக்கூடும். ஃபியூஸ் எரிந்து போகலாம், அல்லது ரிலே எனும் மின்சுவிட்சின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளலாம். பிரேக் மிகவும் தேவைப்படும் அதே நொடியில் மோட்டார் கைவிட்டுவிடும். ஆகவே ஒரு நொடியேனும் எடுத்துப் படிப்படியாகத் திசை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்துங்கள்.

கேள்வி: பிரேக் பிடித்துக்கொண்டே சுக்கானையும் திருப்பலாமா?

பதில்: சுக்கான் விசிறிக்குப் பின்னால் இருந்தால், பின்விசை கொடுத்ததும் அதன் மேல் பாயும் நீர் குலைந்துபோய், சுக்கான் பெரும்பாலும் செயலிழந்துவிடும். பக்கத்தில் இடம் இருக்கிறதென்றால் திருப்புவதையும், இல்லையென்றால் நிறுத்துவதையும் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் அரைகுறையாகச் செய்ய முயலாதீர்கள்.

கேள்வி: பந்தயக் கார்களில் இருப்பதுபோல் பின்னால் பாராசூட் விரிக்கும் அமைப்பு நீருக்குள் வேலை செய்யுமா?

பதில்: காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது என்பதால் மிக நன்றாகவே செய்யும். 1 மீட்டர் விட்டமுள்ள குடை, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1,900 நியூட்டன் இழுக்கும். குடை விரிந்தபின் 4 மீட்டருக்குள் வேகம் கால்பங்காகிவிடும். கலத்துக்குள் கட்டிவைக்காத பொருள்கள் முன்னால் பாயும். அடித்தளத்தில் தேங்கிய நீரும் முன்பக்கம் ஓடி மூக்கைக் கீழே சாய்க்கும்.

இருந்தும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. கலம் நின்றதும் குடை தொய்ந்து பின்பக்கத்தின் மேலேயே படியும். அப்போது விசிறி சுழன்றால் கயிறு அதில் சிக்கும், பின்விசையும் போய்விடும், குடை வெளியே எதிலாவது மாட்டினால் கலமும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பொருத்தியே தீர வேண்டுமானால், குடை விரியும்போதே மோட்டாருக்கு மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். மின்சாரம் இல்லாமலே கயிற்றை உள்ளிருந்து கழற்றிவிடவும் முடிய வேண்டும்.

கேள்வி: பக்கவாட்டில் விரியும் தகடுகள்?

பதில்: குடையைவிடப் பாதுகாப்பானவை. இரு பக்கமும் சேர்த்து 0.3 சதுர மீட்டர் தகடு, 4 நாட் வேகத்தில் ஏறத்தாழ 750 நியூட்டன் தடை தரும். ஒரு தகடு மட்டும் விரிந்தால் கலம் அந்தப் பக்கமாக வெடுக்கென்று திரும்பிவிடும் என்பதால், இரண்டையும் ஒரே தண்டில் இணையுங்கள். கீல் முன்விளிம்பில் இருக்கட்டும். அப்போது நீரோட்டம் தகட்டை மூடவே பார்க்கும். பின்விளிம்பில் வைத்தால், தாழ்ப்பாள் கழன்ற மாத்திரத்தில் நீர் அதைப் பிய்த்துத் திறந்துவிடும்.

கேள்வி: நங்கூரத்தை வீசி நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். மேலே வர வேண்டிய கலத்தை அது அடியோடு கட்டிப்போட்டுவிடும்.

கேள்வி: மூக்கு கீழே சாய்ந்து ஆழத்துக்குப் பாய்ந்தால் எதை முதலில் செய்வது?

பதில்: உண்மையான ஆபத்து இதுதான். முன்னே மோதுவதைவிட, கலம் தாங்கும் ஆழத்தைத் தாண்டுவது கொடியது. பின்விசை கொடுங்கள், உடனே கழற்றுஎடையை, அதாவது கழற்றிவிட்டால் கலம் இலகுவாகி மேலேறும்படி அடியில் மாட்டிய எடையை, விடுங்கள். 1960 ஜனவரி 23 அன்று மரியானா அகழியின் அடியைத் தொட்ட ட்ரியெஸ்ட் கலத்தில், இரும்புக் குண்டுகளை மின்காந்தங்களே பிடித்திருந்தன. மின்சாரம் போனால் குண்டுகள் தாமாகவே விழும். சிறு கலத்துக்குக் கைத்திருகோடு கூடிய எடை போதும், ஆனால் கலம் சாய்ந்த நிலையிலும் அது சிக்காமல் விழ வேண்டும்.

கலம் மூழ்குவதற்காக நீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டியை அழுத்தக் காற்றால் வெறுமையாக்குவதை மட்டும் நம்பாதீர்கள். 30 மீட்டர் ஆழத்தில் 100 லிட்டர் தொட்டிக்கு, மேற்பரப்புக் கணக்கில் 400 லிட்டர் காற்று வேண்டும். காற்றில் ஈரமும் இருக்கக் கூடாது. 1963 ஏப்ரல் 10 அன்று 129 பேருடன் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் த்ரெஷரின் விசாரணையை ஒட்டி, அதே வகைக் கப்பலில் நடந்த சோதனையில் காற்றிலிருந்த ஈரம் உறைந்து காற்றுக்குழாய்களின் வடிகட்டி வலைகளை அடைத்துவிட்டது.

கேள்வி: இவற்றை எப்படிச் சோதிப்பது?

பதில்: மேற்பரப்பில், ஆழமற்ற அமைதியான நீரில், பாதி வேகத்தில் தொடங்குங்கள். கரையில் கொடிகளை ஊன்றி, நிற்கும் தொலைவை ஒவ்வொரு வேகத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கலம், கை தாமதத்தையும் சேர்த்து, 2 நாட்டில் பின்விசையோடு 6 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், 1 நாட்டில் 2 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும் ஓடி நிற்கும். அன்று நீருக்குள் 3 மீட்டர்தான் கண் தெரிகிறதென்றால், 1 நாட்டுக்கு மேல் போகாதீர்கள்.