மகளுக்கு டைப்பிங் வேலை சரிப்படுமா? ஒரு அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் பி.காம் முடித்து, டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையரும் பாஸ் செய்திருக்கிறார். அப்படியிருந்தும் ஒரு அலுவலகத் தேர்வில் அரைப் பக்கம் கேப்ஸ் லாக்கில், அதாவது முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் விழுந்துவிட, பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்து மறுபடி அடித்ததில் நேரம் முடிந்துவிட்டது. இந்த வேலை அவருக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிப்படும். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 சொல். அந்த வேகம் வரத்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். விட்டுப்போனதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

இன்ஸ்டிட்யூட் மெஷினில் விழுந்த எழுத்து விழுந்ததுதான். அந்தப் பழக்கத்தில்தான் அழித்திருப்பார் என்று நினைக்கிறேன். வேர்டில் அந்தப் பத்தியை செலக்ட் செய்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எஃப் 3 தட்டினால் போதும். தட்டத் தட்ட கேப்பிட்டல் ஸ்மாலாகும், வாக்கியத்தின் முதலெழுத்து மட்டும் பெரிதாகும் (இதுதான் சென்டென்ஸ் கேஸ்), திரும்ப முழுக்க கேப்பிட்டலாகும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். வேர்டு மாதிரியே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் இதே கீதான்.

மாற்றியதோடு விட்டுவிடக் கூடாது, இதை அவருக்கு அழுத்திச் சொல்லுங்கள். கேப்ஸில் அடித்த பத்தியை சென்டென்ஸ் கேஸ் ஆக்கினால், நடுவில் வரும் மதுரையும் ஜிஎஸ்டியும்கூட ஸ்மால் லெட்டருக்குப் போய்விடும். வேர்டுக்கு அது ஊர்ப்பெயர் என்று தெரியாது. ஒரு முறை வாசித்து, பெயர்களையும் சுருக்கங்களையும் கையால் திருத்த வேண்டும். அடித்த கடிதத்தை அப்படி வாசிக்கிற ஆளைத்தான் அலுவலகங்கள் விரும்பி வைத்துக்கொள்ளும்.

ஃபான்ட் பெட்டியில் ஆல் கேப்ஸ் என்று ஒன்று இருக்கும். அது வெறும் தோற்றம்தான், அடியில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். காப்பி செய்து ஆன்லைன் படிவத்தில் ஒட்டினால் ஸ்மாலாகவே போய் விழலாம்.

டேட்டா என்ட்ரி வேலை என்றால் எக்செல் என்ற அட்டவணை மென்பொருள் வரும். அங்கே ஷிஃப்ட் எஃப் 3 இதைச் செய்யாது. அப்பர் (எல்லாம் கேப்பிட்டல்), லோயர் (எல்லாம் ஸ்மால்), ப்ராப்பர் (ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் கேப்பிட்டல்) என்று மூன்று ஃபார்முலா உண்டு. பெயர்ப் பட்டியலுக்கு ப்ராப்பர் நன்றாக உதவும், ஆனால் வருமான வரியைக் குறிக்கும் ஐடி 'இட்' ஆகிவிடும். அப்புறம், ஃபார்முலாவில் வந்ததை வேல்யூவாக, அதாவது ஃபார்முலா இல்லாமல் வெறும் எழுத்தாக பேஸ்ட் செய்ய மறக்கக் கூடாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தேர்வை வேர்டிலேயே வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. தனி மென்பொருளில் இந்தக் குறுக்குவழிகள் கிடைக்காமல் போகலாம். அதனால் முதல் வரி அடித்ததும் திரையை ஒரு தடவை பார்க்கிற பழக்கம் வேண்டும்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்கும் அவரைத் தயாராகச் சொல்லுங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படும். அதுவரை, தினம் ஒரு பழைய கடிதத்தை வேண்டுமென்றே கேப்ஸில் அடித்து, அழிக்காமல் சரிசெய்து பார்க்கட்டும்.