முகாமுக்குப் போகாவிட்டால் நிவாரணம் கிடையாதா?

கேள்வி: தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊர். ஃபெஞ்சல் புயலின்போது வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பள்ளிக்கூட முகாமில் எப்படி வைத்துக்கொள்வது என்று, மேட்டுத்தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் பின்பக்கச் சுவர் விழுந்திருந்தது, தொழுவத்தில் கட்டியிருந்த பசு செத்துக் கிடந்தது. நாற்றம் தாங்காமல் அன்றே புதைத்தோம். முகாமில் இருந்தவர்களுக்குத்தான் நிவாரணம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. மறுபடி மழைக்காலம் வருகிறது. இந்த முறை முகாமுக்குத்தான் போக வேண்டுமா? அங்கே என்னதான் இருக்கும்? யாரைக் கேட்பது?
– வாசகி, கடலூர் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

பக்கத்து வீட்டில் சொன்னது தவறு. அந்தத் தவறான பேச்சால் உங்களுக்கு வர வேண்டியது வராமல் போயிருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். வீட்டுச் சேதத்துக்கும் கால்நடை இழப்புக்கும் கொடுக்கும் தொகை, நீங்கள் எந்த இடத்தில் படுத்தீர்கள் என்பதைப் பார்த்து வருவதில்லை. சேதத்தை நேரில் பார்த்து எழுதும் கணக்கெடுப்பை வைத்து வருகிறது. நாத்தனார் வீட்டில் தங்கியதால் உங்கள் உரிமை ஒன்றும் போய்விடவில்லை. கணக்கெடுப்பில் உங்கள் வீடு ஏறவில்லை, அதுதான் நடந்தது.

அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தண்ணீர் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர் தலையாரியோடு தெருத்தெருவாக வருவார். வருவாய் ஆய்வாளரும் வந்து சரிபார்ப்பார், பட்டியல் தாசில்தாருக்குப் போகும். வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரே நாளில் எத்தனையோ வீடு பார்க்க வேண்டிய நிலையில் அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. சுவரில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்ற கறை, எவ்வளவு பங்கு இடிந்திருக்கிறது, குடும்ப அட்டை யார் பெயரில், வீட்டு வரி ரசீது யார் பெயரில், வங்கிக் கணக்கு எண் என்ன, இவ்வளவுதான் அவர்கள் பார்ப்பது. அதனால் கறையைக் கழுவுவதற்கு முன்னால், இடிந்த செங்கல்லை அள்ளுவதற்கு முன்னால், வீட்டு வாசலும் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். உள்ளேயும் நாலைந்து படம். அப்புறம் கழுவுங்கள்.

பசு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும், வருவாய்த்துறை ஆளும் பார்த்து எழுத வேண்டும். புதைத்த பிறகு வந்து கேட்டால் அவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. மருத்துவர் வர முடியாத நிலை என்றால், காதில் வில்லை இருந்தால் அதன் எண் தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் புதையுங்கள். ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு அறிவித்த தொகை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. ஒரு கறவை மாட்டை நம்பிப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிற வீட்டில் 37,500 சின்னத் தொகை இல்லை. இனி ஒருமுறை வெள்ளம் என்று சொன்னால், வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்டிப் போக முடியாவிட்டால் அவிழ்த்தாவது விடுங்கள்.

சுவருக்கு வருவோம். ஃபெஞ்சல் நேரத்தில் நடப்பில் இருந்த, பேரிடர் நிதிக்கான மத்திய அரசின் 2022–26 விதிப்படி, வீடு 15 சதவீதமாவது சேதமாகியிருந்தால் பகுதிச் சேதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல கட்டுமான வீட்டுக்கு 6,500, மண்சுவர் மாதிரியான வீட்டுக்கு 4,000. முழுக்க இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000. இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள்! அதனால்தான் ‘பகுதி’ என்று எழுதுகிறார்களா, ‘முழு’ என்று எழுதுகிறார்களா என்பதை அங்கேயே நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம். குடிசைகளுக்கு ஃபெஞ்சலின்போது மாநில அரசு 10,000 அறிவித்தது. இவை தவிர, இரண்டு நாளைக்கு மேல் தண்ணீர் சூழ்ந்து பிழைப்பை இழந்த கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் குடும்ப அட்டையை வைத்துக் கொடுக்கப்பட்டது. உங்கள் அட்டை இப்போது குடியிருக்கும் ஊரின் ரேஷன் கடையில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சரி, முகாம். அதைத் திறப்பது வருவாய்த்துறை. பெரும்பாலும் அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம். கடலோர ஊர்களில் இதற்கென்றே கட்டிய புயல் பாதுகாப்பு மையம். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு வகுப்பறைத் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டியிருக்கும். சோறு, குடிதண்ணீர், மருத்துவக் குழு ஏற்பாடாகும். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம், தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் 61ஆவது பிரிவு, உதவி கொடுப்பதில் சாதி, மதம், ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. எந்தத் தெருக்காரர் எந்த அறையில் என்று யாராவது பேச ஆரம்பித்தால், பொறுப்பு அலுவலரிடம் அந்தப் பிரிவின் எண்ணையே சொல்லுங்கள். முகாம் என்பது பிச்சை அல்ல, அங்கே போய் நிற்பதில் மானம் குறைய ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் மாமியாரை நினைத்தால் எனக்கும் யோசனையாகத்தான் இருக்கிறது. முகாம்களில் பலவீனமான இடம் கழிப்பறை. படுக்கையில் இருப்பவருக்கு அது பெரும்பாடு. நாத்தனார் வீடு மேட்டில், உறுதியான கூரையோடு இருக்கிறது என்றால் அங்கே போனது சரியான முடிவு, இந்த முறையும் அதையே செய்யுங்கள். ஒன்றே ஒன்று: கிளம்புவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சிச் செயலாளரிடமோ எங்கே போகிறீர்கள் என்று சொல்லி, செல்போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கணக்கெடுக்க வரும்போது கூப்பிடுவதற்கு அந்த எண் வேண்டும். படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்பதையும் மழைக்கு முன்பே சொல்லி வையுங்கள். மாத்திரைச் சீட்டின் நகல், பத்து நாள் மாத்திரை, ரப்பர் ஷீட், ஆதார், பாஸ்புக் எல்லாம் ஒரே பாலிதீன் பையில் இருக்கட்டும்.

கிளம்பும் நேரமும் முக்கியம். 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்ததை உங்கள் ஊரே பார்த்தது. புயல் கரை கடந்தது நவம்பர் 30 இரவிலேயே. காற்று ஓய்ந்துவிட்டது, இனி பயமில்லை என்று இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, அணைச் செய்தியையும் கேட்க வேண்டும். படுக்கையில் இருப்பவரைப் பகலில், தெருவில் தண்ணீர் ஏறும் முன் நகர்த்துங்கள். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1077, மாநில மையம் 1070, இரண்டும் இரவு பகலாக இயங்கும். உடம்புக்கு முடியாமல் போனால் 108.

போன தடவை விட்டுப்போனதைப் பற்றி உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பசுவுக்கு மருத்துவர் சான்று இல்லாமல் இப்போது கிடைப்பது கடினம். சுவருக்கு அன்றைக்கு எடுத்த படம் ஏதாவது, பிள்ளைகளின் செல்போனிலாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு சேர்த்துக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் புலம்பல் வேண்டாம். எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எது இடிந்தது, கணக்கெடுப்பின்போது எங்கே இருந்தீர்கள், இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் போதும்.