அனலிட்டிக்ஸ் கணக்கில் வராத பழைய கைப்பேசிகள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். தீபாவளி ஆர்டருக்காக அகப்பக்கம் ஒன்று போட்டிருக்கிறோம். தோட்டத்து வாடிக்கையாளர்கள் சிலர், "பக்கம் திறக்கவே இல்லை", "பட்டன் எல்லாம் ஒட்டிக்கிடக்கிறது" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறார்கள். பக்கத்தைச் செய்துகொடுத்த தம்பியோ வருகையாளர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்து காட்டி, "வருவதெல்லாம் புது குரோம்தான் அக்கா. சுங்கை சிப்புட்டிலிருந்து ஆளே இல்லை, எல்லாம் கோலாலம்பூர்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: வாடிக்கையாளர்களை நம்புங்கள். தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சாட்சிக்கு அழைத்திருக்கும் அனலிட்டிக்ஸ் இந்த விஷயத்தைப் பார்க்கவே முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடைக்குள் மாட்டிய கேமராவில், பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியவர் எப்படித் தெரிவார்?

பழைய கைப்பேசியில் ஒரு வருகை மூன்று இடங்களில் சாகலாம். முதலாவது, தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ். அதை உலாவி ஏற்காவிட்டால் பக்கம் இறங்காது, சர்வர் லாகிலும் (சர்வர் தானே எழுதிவைக்கும் வருகைப் பதிவேடு) வழக்கமாக ஒரு வரிகூடப் பதியாது. இரண்டாவது, ஸ்கிரிப்ட். பக்கம் இறங்கும், சர்வர் லாகில் பதிவும் இருக்கும், ஆனால் பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. அனலிட்டிக்ஸும் அதே ஸ்கிரிப்ட் கோப்புக்குள் கட்டப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது. அனலிட்டிக்ஸ் தனிக் கோப்பாக இருந்து ஓடிவிடும், ஆர்டர் பட்டன் மட்டும் வேலை செய்யாது. அழுத்திப் பார்த்துவிட்டுப் போனவரை, ஆர்வமில்லாமல் போனவர் என்று அறிக்கை எழுதும். கூகுளின் இப்போதைய பதிப்பில் 10 வினாடிக்கு மேல் இருந்தால், அல்லது இரண்டு பக்கம் பார்த்தால், அல்லது நீங்கள் குறித்துவைத்த முக்கியச் செயல் ஒன்று நடந்தால்தான் அது ஈடுபாடுள்ள வருகை.

'கோலாலம்பூர்' விஷயம் எளிது. ஊரை, இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறார்கள். கைப்பேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைத்து, தங்கள் மையங்கள் வழியாக இணையத்துக்கு அனுப்புகின்றன. தோட்டத்து லயத்தில் டேட்டா போட்டுப் பார்ப்பவர் கோலாலம்பூர்க்காரராகவோ ஷா ஆலாம்காரராகவோ தெரிவது சகஜம். ஊர்ப் பட்டியலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இனி பழுதுக்கு வருவோம். புகார் சொல்பவரிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். பாதி நோய் அதிலேயே தெரியும்.

"இணைப்பு தனிப்பட்டதல்ல" என்பதுபோல் எச்சரிக்கை வந்தால் சான்றிதழ். முதலில் கைப்பேசியின் தேதி சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி செத்து எழுந்த கைப்பேசியில் தேதி பின்னால் போயிருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். தேதி சரியென்றால், உங்கள் ஹோஸ்டிங் தரும் இலவசச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனத்துடையதா என்று பாருங்கள். மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் அதன் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் கைப்பேசிக்குள்ளேயே வருகிறது. அதற்கும் பழையவற்றுக்காக வைத்திருந்த இடைக்கால ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மூலச் சான்றிதழோடு சங்கிலி சேரும் வேறொரு நிறுவனத்தின் சான்றிதழுக்கு மாறுவது ஒரு வழி. வாடிக்கையாளர் ஃபயர்ஃபாக்ஸில் திறப்பது இன்னொரு வழி. அது கைப்பேசியின் பட்டியலை நம்பாமல் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கிறது.

வெறும் வெள்ளைப் பக்கம் வந்தால் ஸ்கிரிப்ட். இங்கே ஒரு வேற்றுமையைத் தம்பி மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தின் அலங்காரத்தைச் சொல்லும் சிஎஸ்எஸில் தெரியாத வரி வந்தால் உலாவி அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். ஜாவாஸ்கிரிப்டில் புரியாத இலக்கணம் ஒரே ஒரு இடத்தில் வந்தால்கூட அந்தக் கோப்பு முழுவதையும் தூக்கி எறிந்துவிடும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த 'ஆப்ஷனல் செயினிங்' குறி குரோம் 80-க்கும் ஐஓஎஸ் 13.4-க்கும் முன்னால் கிடையாது. ஐஃபோன் 6 ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது. அந்தக் குறி ஒன்று போதும், முழுப் பக்கத்தையும் ஸ்கிரிப்டால் வரையும் தளம் அதில் வெள்ளையாகிவிடும்.

தீர்வு, நிரலைக் கட்டித் தரும் பில்டு கருவியின் இலக்கை (எந்த உலாவி வரை ஓட வேண்டும் என்பதை) கீழே இறக்குவது. வீட் (Vite) என்ற கருவியைப் பயன்படுத்தினால், பதிப்பு 7-இல் இயல்பான இலக்கு குரோம் 107, சஃபாரி 16 என்று உயர்ந்துவிட்டது. முன்பு குரோம் 87, சஃபாரி 14 ஆக இருந்தது. நிரலில் ஒரு எழுத்தைத் தொடாமல் கருவியை மட்டும் அப்டேட் செய்தாலே பழைய கைப்பேசிகள் விழும். 'பில்டு டார்கெட்' என்ற இடத்தில் இஎஸ்2015 (2015-ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணம்) என்று போட்டுவிடலாம். இது இலக்கணத்தை மட்டுமே பழையதாக்கும், இல்லாத செயல்களைக் கொண்டுவந்து தராது. எழுத்துகளை மாற்றும் 'ரிப்ளேஸ்ஆல்' செயல் குரோம் 85-இல் வந்தது. அதற்கு முந்தைய உலாவிக்கு, இல்லாத செயலை நிரப்பும் பாலிஃபில் நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அல்லது அந்தச் செயலைத் தவிர்த்து எழுத வேண்டும்.

பட்டன்கள் ஒட்டிக்கிடந்தால், அவற்றை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில் இடைவெளிக்குத் தம்பி 'கேப்' போட்டிருப்பார். அது குரோம் 84, ஐஓஎஸ் 14.5 முதல்தான் வேலை செய்யும். இதற்குச் சிலர் 'சப்போர்ட்ஸ்' சோதனை எழுதிப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள். கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் அமைப்புக்கான 'கேப்' குரோம் 66-இலேயே வந்துவிட்டதால், "கேப் தெரியுமா?" என்று கேட்டால் பழைய உலாவியும் "தெரியும்" என்று தலையாட்டும். எந்த அமைப்பில் என்று கேட்க வழியில்லை. ஃப்ளெக்ஸைக் கிரிட் ஆக்கிவிடுங்கள், அல்லது பழைய முறையில் மார்ஜின் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

பட்டனே காணோம், அல்லது பக்கம் அலங்காரம் இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிறது என்றால், டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவியின் பதிப்பு 4 மேல் சந்தேகப்படுங்கள். அதற்குக் குறைந்தது குரோம் 111, சஃபாரி 16.4 வேண்டும். அலங்கார வரிகளை அடுக்காகக் கட்ட அது பயன்படுத்தும் 'லேயர்' விதி குரோம் 99-க்குக் கீழே புரியாது, உள்ளே இருக்கும் எல்லாமே போய்விடும். லேயர் புரிந்த உலாவியிலும் ஓகேஎல்சிஎச் என்ற புது முறையில் எழுதிய நிறம் 111-க்குக் கீழே காணாமல் போகலாம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பட்டன் இருந்தும் இல்லை. பழைய உலாவிகள் வேண்டுமென்றால் 3.4-இலேயே இருங்கள் என்று டெயில்விண்ட்காரர்களே சொல்கிறார்கள்.

படம் மட்டும் வராவிட்டால், காரணம் வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வகை. ஐஓஎஸ் 14-க்கு முன்னால் அது திறக்காது. ஜேபெக் மாற்றுப் படம் ஒன்றை 'பிக்சர்' குறியில் சேர்த்தால் முடிந்தது.

எவ்வளவு பழையது வரை இறங்குவது? குரோம் எங்கெங்கே நின்றது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 5-க்குக் கடைசி குரோம் 95. ஆண்ட்ராய்டு 6-க்கு 106, 7-க்கு 119, 8-க்கும் 9-க்கும் 138. கடை மேசையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்கு 109. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் நின்றுபோனதால், 4ஜி இல்லாத பழைய கைப்பேசிகள் பெரும்பாலும் வைஃபையில்தான் உங்களைப் பார்க்க முடியும். என் கணக்கில் குரோம் 95 வரை பக்கம் சரியாகத் தெரிய வேண்டும். அதற்குக் கீழே அழகு போனாலும் பரவாயில்லை, விலையைப் படிக்கவும் ஆர்டர் செய்யவும் முடிந்தால் போதும். 8 ஜிபி கைப்பேசியில் இடம் நிறைந்து, அப்டேட் நின்றுபோன குரோம் 95-க்கும் கீழே இருக்கலாம். அதனால் ஆர்டர் பட்டனை ஸ்கிரிப்ட் இல்லாத சாதாரண இணைப்பாக வையுங்கள். உங்கள் புலன எண்ணுக்குப் போகும் இணைப்பு ஒன்று, அதற்குக் கீழே தொலைபேசி எண். எந்த உலாவியிலும் இது சாகாது.

அடுத்தது எண்ணிக்கை. எத்தனை பேர் விழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு சின்னப் படங்கள் போதும், காசு செலவில்லை. ஒரு பிக்சல் அகல உயரமுள்ள ஜிஃப் கோப்பை இரண்டு பெயரில் சேமியுங்கள். முதல் படத்தைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே சாதாரண 'இமேஜ்' குறியாக வையுங்கள். திரைக்கு அருகே வரும்போது மட்டும் இறங்கும் 'லேசி' ஏற்றம் கொடுக்காதீர்கள். இரண்டாவதை, ஆர்டர் பட்டனுக்கு உயிர் கொடுத்து முடிந்தபின் ஸ்கிரிப்டின் கடைசி வரி கூப்பிடட்டும். முதல் படம் வந்து இரண்டாவது வராத வருகைகள்தான் நீங்கள் தேடுபவை. முதல் படத்தை 'நோஸ்கிரிப்ட்' குறிக்குள் வைத்துவிடாதீர்கள். அந்தக் குறி ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்ட உலாவிக்கு மட்டும்தான். ஸ்கிரிப்ட் இருந்தும் உடைந்துபோன உலாவியில் அது வாயே திறக்காது.

இரண்டு படங்களுக்கும், உலாவி சேமித்துவைப்பதைக் கட்டுப்படுத்தும் கேஷ் தலைப்பில் 'நோ-ஸ்டோர்' கொடுங்கள். இல்லாவிட்டால் மறுமுறை வருபவரின் உலாவி படத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், கணக்கு குறையும். சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள ஹோஸ்டிங் என்றால் 'ரா ஆக்சஸ்' பகுதியில் லாகைக் காப்பகப்படுத்தும் பெட்டியில் டிக் போடுங்கள். போடாவிட்டால் பழைய லாக் அழிந்துவிடலாம். இரண்டு வாரம் சேர்ந்தபின் கோப்பை இறக்கி, இரண்டு படங்களின் பெயரையும் தேடி எண்ணுங்கள். உலாவிப் பெயரில் 'பாட்' (bot, தானியங்கி) என்று இருக்கும் வரிகளைத் தள்ளிவிடுங்கள். புலனத்தில் இணைப்பைப் பகிரும்போது முன்தோற்றத்துக்காக வரும் வரிகளும் மனித வருகை அல்ல.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் உடைந்த உலாவி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லைன் மெதுவாக இருந்து பாதியில் மூடியவர்களும் அதில் இருப்பார்கள். குரோம் பதிப்பு எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள். 95, 106, 109 என்று ஒரே எண்கள் குவிந்தால் அது உடைசல். எல்லாப் பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் வேகக் குறைவு. பதிப்பு எண்ணை நம்பலாம், ஆண்ட்ராய்டு எண்ணை நம்ப முடியாது. குரோம் 110-இல் தொடங்கி, கைப்பேசி எதுவானாலும் லாகில் 'ஆண்ட்ராய்டு 10' என்றே எழுதுவதாக மாற்றிவிட்டார்கள். பழைய குரோம்தான் உண்மையைச் சொல்லும்.

தனி ஆட்களை எண்ணும் ஆசையை விட்டுவிடுங்கள். சஃபாரி, ஆளை அடையாளம் காண ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை 7 நாளில் அழிக்கிறது. முகநூலுக்குள் திறக்கும் உலாவிக்குத் தனிக் குக்கி. ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். எந்தப் புலனக் குழுவிலிருந்து வருகிறார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். புலனத்திலிருந்து வரும் வருகை பெரும்பாலும் 'நேரடி' என்றே பதியும் என்பதால், ஒவ்வொரு குழுவுக்கும் யுடிஎம் அடையாளம் (இணைப்பின் கடைசியில் ஒட்டும் பெயர்) மாற்றிய தனி இணைப்பு அனுப்புங்கள். கோவில் குழுவுக்கு ஒன்று, தோட்டத்துக் குழுவுக்கு ஒன்று. அந்த அடையாளம் சர்வர் லாகிலும் பதிவதால், அனலிட்டிக்ஸ் செத்தாலும் கணக்கு கிடைக்கும். கூகுளில் விரிவான தரவு இயல்பாக 2 மாதம்தான் நிற்கும். அமைப்பில் போய் 14 மாதமாக்கினால்தான் போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை ஒப்பிடலாம்.

ஆர்டரில் பெயர், முகவரி, கைப்பேசி எண் வாங்குவதால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் தொடும். எதற்காக வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் போட்டால் படிப்பார்கள்.

திருத்தியபின் சோதிப்பது கம்ப்யூட்டர் குரோமின் கைப்பேசித் தோற்றத்தில் வேண்டாம். அது திரை அளவை மட்டும் சுருக்கும், உள்ளே ஓடுவது அதே புது இஞ்சின். வீட்டில் மேசை டிராயரில் கிடக்கும் ஆண்ட்ராய்டு 6 கைப்பேசியை எடுத்து, அமைப்பில் பில்டு எண்ணை 7 முறை தட்டி, யுஎஸ்பி டிபக்கிங்கைத் திறந்து கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர் குரோமில் 'இன்ஸ்பெக்ட்' பக்கம் அந்தக் கைப்பேசியின் பிழைச் செய்தியை வரி எண்ணோடு காட்டும். தம்பிக்கு அந்த ஒரு வரியை அனுப்பினால் போதும்.