பின்பாட்டா, உடன்பாட்டா?

கேள்வி: இங்கிலாந்தின் கிர்ஸ்டி மெக்கால் பெரிய பாடகி என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் அவர் பாட்டு ஒன்றுகூட விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடிக்கவில்லை. பாதிக் காலம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியே ஓட்டியிருக்கிறார். இவர் எப்படிப் பெரிய பாடகி?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலிடக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். 'பின்பாட்டு' என்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

தெருக்கூத்தில் பின்பாட்டு உண்டு. வேஷக்காரர் ஓர் அடியைப் பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குவார், அடவு போடுவார். பின்பாட்டு தளர்ந்தால் கூத்து விடியும்வரை தாங்காது. அங்கே 'பின்' என்றால் 'அடுத்து'. பின்வரிசை என்று பொருளே இல்லை. அந்த நல்ல சொல்லை ஜால்ராவுக்கு மறுபெயராக்கியது நாம் செய்த கெடுதல். போகட்டும். கிர்ஸ்டி செய்தது அடுத்துப் பாடும் வேலைகூட இல்லை. முதன்மைக் குரல் பாடும் அதே கணத்தில், வேறு சுரத்தில், கூடவே பாடும் வேலை. 'உடன்பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துப்போவது என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஆனால் அந்த ஒத்துப்போவதுதான் கடினம். சங்கராபரணச் சுரங்களை வைத்தே சொல்கிறேன். முதன்மைக் குரல் ஸ, ரி, க என்று ஏறுகிறது. உடன்குரல் க, ம, ப என்று மேலே ஏறுகிறது. ஸ-வுக்கும் க-வுக்கும் நான்கு அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்). ரி-க்கும் ம-வுக்கும் மூன்றுதான். 'நான்கு இடைவெளி' என்று பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினால் இரண்டாவது சுரத்திலேயே பிரதி மத்யமத்தில் (அரைச்சுரம் மேலே உள்ள ம-வில்) போய் விழுவீர்கள், பாட்டு கோணிக்கொள்ளும். எங்கே மூன்று, எங்கே நான்கு, எங்கே நகராமல் ஒரே சுரத்தில் நின்று அடியில் இசை மாறுவதைக் காத்திருப்பது என்று ஒவ்வோர் அடிக்கும் முடிவெடுக்க வேண்டும். பல நேரம் இதை யாரும் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை, பாடுகிறவரே அங்கேயே உண்டாக்குகிறார். இதற்கு மெட்டமைப்பது என்று பெயர். கூலி மட்டும் பாடியதற்கான கூலி.

கிர்ஸ்டி, குரல்களை அடுக்கிப் பாடும் அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸைக் கேட்டு வளர்ந்தவர். ஒரே ஆள் பல குரலாக நிற்பதில் தேர்ந்தவர். அது எப்படி என்று கேளுங்கள். ஒரு வரியை ஒரு முறை பாடிப் பதிந்து, அதையே அதேபோல் இரண்டாம் முறை பாடி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்கிறார்கள். இரண்டும் மயிரிழை விலகியிருக்கும். அந்த விலகல்தான் அகலம் தருகிறது. ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, குரல் நடுவிலேயே நிற்கும். மூன்று சுர வரிசை, வரிசைக்கு நான்கு முறை என்றால் பன்னிரண்டு தடம் (ஒவ்வொரு பதிவுக்கும் டேப்பில் ஒதுக்கும் தனி வரி). அந்தக் காலத்து ஸ்டூடியோ டேப்பில் மொத்தமே 24 தடம். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் இடம் வேண்டுமே? பன்னிரண்டையும் இரண்டு தடத்தில் கலந்து இறக்கிவிட்டு, மூலத்தை அழித்து அதன் மேல் பதிவார்கள். இறக்கிய பிறகு ஒரு குரல் சுருதி இறங்கியிருந்தது தெரிந்தால் அதை மட்டும் பிரித்துத் திருத்த வழியில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பாட வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, சொல்லின் கடைசி எழுத்து. எட்டுக் குரலும் 'ஸ்' என்று எட்டு வேறு கணத்தில் முடித்தால் சாரல் அடித்தது போலக் கேட்கும். அதனால் ஒரு குரல் மட்டும் 'ஸ்' சொல்லும், மற்றவை உயிரெழுத்தோடு நிறுத்திவிடும். இன்னொன்று, குரல் அதிர்வு. தனியாகப் பாடும்போது அழகாக இருக்கும் அசைவு, நான்கு குரல் சேரும்போது நான்கு வேகத்தில் அசைந்து சுரத்தைக் குழப்பிவிடும். கிர்ஸ்டியின் குரல் கோடு போட்டது போல நேராக நிற்கும். அந்த நேர்க்குரல்தான் அடுக்க ஏற்றது. அதை 'உணர்ச்சியில்லாத குரல்' என்று சொல்பவர்களோடு நான் ஒருநாளும் சமாதானமாகப் போகமாட்டேன்.

இனி உங்கள் 'பாதிக் காலம்'. 1979இல் ஸ்டிஃப் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தானே எழுதி 'தே டோன்ட் நோ' பாடினார். வானொலியில் ஓயாமல் ஒலித்தது. விநியோக நிறுவனத்தில் வேலைநிறுத்தம், தட்டு கடைக்கு வரவில்லை, பட்டியலிலும் ஏறவில்லை. 1983இல் அதே பாட்டை டிரேசி உல்மன் பாடி இங்கிலாந்தில் இரண்டாமிடம், அமெரிக்காவில் எட்டாமிடம். அதில் நடுவே 'பேபி' என்று உச்சத்துக்குப் போகும் குரல் உல்மனுடையது அல்ல. அந்த சுரம் அவருக்கு எட்டவில்லை. எழுதியவரே வந்து பாடிக் கொடுத்தார். 1985இல் பாடகர் பில்லி பிராக்கின் 'ஏ நியூ இங்கிலாந்து' பாடினார். பாட்டு சின்னது என்பதால் பிராக் அவருக்காக இன்னொரு சரணம் எழுதித் தந்தார். ஏழாமிடம். மறு ஆண்டே ஸ்டிஃப் திவால். ஒப்பந்தம் சிக்கிக்கொண்டது, சொந்தமாக ஆல்பம் போட வழியில்லை. நீங்கள் 'ஓட்டினார்' என்று சொல்லும் காலம் இதுதான். மேடை பயமும் இருந்தது. ஸ்டூடியோவில் அந்தப் பயம் இல்லை.

ஸ்மித்ஸ் குழுவின் 'ஆஸ்க்' பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸின் 'டர்ட்டி வொர்க்', டாக்கிங் ஹெட்ஸின் 'நேக்கட்' ஆல்பங்கள் எல்லாவற்றிலும் அவர் குரல் இருக்கிறது. கணவர் ஸ்டீவ் லில்லிவைட் இசைத்தட்டுத் தயாரிப்பாளர், அதனால் கிடைத்தது என்பார்கள். கதவு அப்படித் திறந்திருக்கலாம். மைக் முன்னால் கணவரா வந்து சுருதி சேர்ப்பார்? பிராக் 1986இல் வெளியிட்ட சிங்கிளில் கிட்டார் வாசித்த ஜானி மார் பெயரோடு கிர்ஸ்டியின் பெயரையும் தன் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டார். அது மரியாதை. யு2 குழுவின் 'ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தில் ஒரு சுரம்கூடப் பாடாமல் பாட்டுகளின் வரிசையை அமைத்துக் கொடுத்தவரும் இவர்தான். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் குழு சொன்னது, நடுவில் உள்ளது இவர் காது. ஒப்பந்தம் விடுபட்டதும் 1989இல் அவருடைய 'கைட்' ஆல்பம் வந்தது. அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

காசு விஷயமும் சொல்ல வேண்டும், இங்கே பல முறை சொன்னதுதான். எழுதியவருக்குப் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் வருமானம். உடன் பாடியவருக்குப் பெரும்பாலும் அன்றைய கூலி. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 1973 ஆல்பத்தில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்ற பாட்டு முழுவதையும் சொல்லே இல்லாமல் குரலால் மட்டும் நிரப்பிய கிளேர் டோரிக்குக் கிடைத்தது 30 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதுவும் இரட்டைக் கூலி! அந்த மெட்டில் தனக்குப் பங்குண்டு என்று 2004இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசம். அதன் பிறகு வந்த பதிப்புகளில் மெட்டமைத்தவராகக் குழுவின் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம்! பாட்டுப் பக்கத்தில் நாம் உடன்குரல்காரர் பெயரைப் போடும்போதெல்லாம் 'இடம் வீண்' என்று எழுதும் அன்பர்களே, அந்த இடம் வீணாகிக்கொண்டேதான் இருக்கும்.

முதலிடக் கணக்கு: போக்ஸ் குழுவோடு கிர்ஸ்டி பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' 1987 கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்தில் முதலிடம். இங்கிலாந்தில் பெட் ஷாப் பாய்ஸ் முந்தியதால் இரண்டாமிடம். பெண்குரல் பாடவேண்டிய கெய்ட் ஓ'ரியர்டன் குழுவை விட்டுப் போயிருந்தார். மாதிரிக்காக இருக்கட்டும் என்று லில்லிவைட் டேப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு முழு நாள் செலவிட்டு, சொல் சொல்லாகப் பார்த்து மனைவியின் குரலைப் பதிந்தார். அதைக் கேட்ட பிறகு குழுவின் பாடகர் ஷேன் மெகாவன் தன் பகுதியைத் திரும்பப் பாடினார். உடன்குரல் முன்குரலைத் திருத்திய இடம் அது.

கிர்ஸ்டி 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல்லில், படகுகள் வரக்கூடாத நீர்ப்பரப்பில் படகு மோதி இறந்தார். மகனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டார். வயது 41.

ஹெட்ஃபோன் இருந்தால் 'தே டோன்ட் நோ'வின் 1979 பதிவைப் போடுங்கள். முதல் முறை பாட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை முதன்மைக் குரலைக் காதில் வாங்காமல், அதன் மேலும் கீழும் நிற்கும் குரல்களில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். நடுவில் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.