பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் கச்சேரி குறையுமா? இளம் கலைஞர்களின் கேள்விகளும் என் பதில்களும்

22 வருடமாகக் கர்நாடக இசைக் கச்சேரி பாடுகிறேன், 18 வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

அக்கா, வீட்டில் வகுப்பு ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். 'பாட்டு டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டால் சபாக்காரர்கள் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயம். (பாடகி, திருச்சி)

இதே பயம் எனக்கும் இருந்ததும்மா. பெரிய பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரை நினைத்துப் பார். முத்தையா பாகவதருக்குப் பிறகு திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் அவர். அந்தப் பொறுப்புதான் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளுக்குள் அவரை இறக்கிவிட்டது. அவர் மெருகேற்றிப் பாடிய கீர்த்தனைகள் இன்று நம் எல்லோர் கச்சேரியிலும் இருக்கின்றன. 1947-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. அவரை யாராவது வெறும் வாத்தியார் என்று சொன்னார்களா? சாதகத்தை, அதாவது தினசரிப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. வகுப்பு எடுப்பதால் ஒட்டுவதில்லை.

சொல்லிக் கொடுப்பதால் உங்கள் பாட்டில் உண்மையிலேயே ஏதாவது மாறியதா? ஒரு உதாரணம் சொல்லுங்களேன். (வயலின் மாணவர், மதுரை)

நான் பாடும் பைரவி ராகம் மாறியது. 'விரிபோணி' வர்ணம், பச்சிமிரியம் ஆதியப்பையா செய்தது, அட தாளத்தில் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 14 அட்சரம். பதினைந்து வருடமாகப் பாடிக்கொண்டிருந்தேன். அதை 11 வயதுப் பெண் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சட்டென்று நிறுத்தி, "மிஸ், முதல்ல பாடின 'த' வேற மாதிரி இருந்துச்சு, இப்ப பாடினது வேற. எது சரி?" என்று கேட்டாள்.

'த' என்றால் தைவத ஸ்வரம். பைரவியில் இரண்டு தைவதமும் உண்டு, ஏறும்போது சற்று உயர்ந்த சதுஸ்ருதி, இறங்கும்போது தாழ்ந்த சுத்தம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். பாடத்தில் படித்ததை ஒப்பித்தேன், அவ்வளவுதான். ஆனால் வர்ணத்தில் எந்தெந்த இடத்தில் எது என்று அவள் விரல் வைத்துக் கேட்டபோது என்னால் உடனே சொல்ல முடியவில்லை. தொண்டை சரியாகத்தான் பாடியது. ஏன் அப்படிப் பாடுகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தைவதத்துக்கும் குறி போட்டேன். 'ப த நி ஸ' என்று மேல் ஷட்ஜத்துக்குப் போகும் இடங்களில் சதுஸ்ருதி. 'ப த நி த ப' என்று திரும்பி இறங்கும் இடங்களில் சுத்தம். அதற்குப் பிறகு பைரவியில் கல்பனாஸ்வரம் (அப்போதைக்கு அப்போது கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) பாட உட்கார்ந்தால் பழகிய நாலு கோர்வைக்குள் மாட்டிக்கொள்வது நின்றுபோனது. எங்கே திரும்பலாம் என்று தெரிந்ததால் துணிச்சல் வந்தது. எத்தனை மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தாலும் அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டேன். அந்தக் குழந்தைக்கு நான் பட்ட கடன் அது.

நான் ஒரு கட்டையில் (தாழ்ந்த ஸ்ருதியில்) பாடுகிறவன். வகுப்பில் எல்லோரும் 5 கட்டையில் (உயர்ந்த ஸ்ருதியில்) பாடும் பெண் பிள்ளைகள். சாயங்காலம் ஆனால் தொண்டை போய்விடுகிறது. என்ன செய்வது அக்கா? (பாடகர், கோவை)

தம்பி, முதலில் கூடவே பாடுவதை நிறுத்துங்கள். ஒரு வரியை ஒருமுறை உங்கள் ஸ்ருதியில் பாடிக் காட்டுங்கள். பிறகு அவர்கள் ஸ்ருதியில் வீணையிலோ வயலினிலோ வாசித்துக் காட்டி, அவர்களைப் பாட விட்டுக் கேளுங்கள். ஐந்து கட்டைப் பிள்ளைகளை ஒரே வகுப்பாகச் சேர்த்தால் ஸ்ருதியை மாற்றி மாற்றி அல்லாட வேண்டாம். கச்சேரிக்கு முந்தின இரண்டு நாள் வகுப்பே வேண்டாம், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருத்தரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கச்சேரிக்குத்தான் வருவார்கள்.

என்னிடம் மிருதங்கம் கற்றவனே எனக்கு வரவேண்டிய கச்சேரியை வாங்கிவிட்டால்? (மிருதங்கக் கலைஞர், கும்பகோணம்)

நடக்கும். எனக்கு நடந்தது. ஒரு மார்கழியில் நான் எதிர்பார்த்திருந்த இடம் என் மாணவிக்குப் போனது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு ஒரே நாளில் இரண்டு கச்சேரி வந்தபோது, அவள் ஒன்றுக்கு என் பெயரைச் சொன்னாள். தேதி இடிக்கும்போது நமக்குத் தெரிந்தவரின் பெயரைத்தானே நாம் சொல்கிறோம்? நம் பெயரைச் சொல்லப் பத்துப் பேர் மேடையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்கா, கனடா பிள்ளைகளுக்கு ஆன்லைனில் எடுக்கலாமா? (பாடகி, சென்னை)

தாராளமாக. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, அங்கே போட்டிகளில் பாடும் பிள்ளைகள் பலர் சென்னைக் குருமாரிடம் ஆன்லைனில் கற்கிறவர்கள். வெளியூரில் எனக்குக் கிடைத்த முதல் கச்சேரியும் ஒரு மாணவியின் பெற்றோர் வழியாக வந்ததுதான்.

ஆனால் நேரத்தில் ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. அவர்களுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை, நம் சாதக நேரம். முதல் வருடம் ஆறு நாளும் கொடுத்துவிட்டு, மந்திர ஸ்தாயியே (கீழ்க்குரலே) போய்விட்டது எனக்கு. இப்போது வாரத்தில் 3 விடியற்காலைதான் வகுப்புக்கு. மற்ற நாலும் தம்புராவோடு என் சாதகத்துக்கு. இன்னொன்று, ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து தாளம் போட முடியாது. ஸ்ருதிப்பெட்டி அவர்கள் பக்கம் இருக்கட்டும், தாளம் அவர்கள் கையில் இருக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

ஃபீஸ் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (வீணைக் கலைஞர், தஞ்சாவூர்)

கூச்சப்படாதீர்கள். மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். கச்சேரிப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்புப் பணத்தில் வாடகை போய்விட்டால், கைக்காசு போட்டுப் பாட வேண்டிய மேடைகளுக்கு 'முடியாது' என்று சொல்லலாம். பக்கவாத்தியக்காரர்களுக்கு மரியாதையாகக் கொடுக்கலாம். பிடித்த கீர்த்தனையை ஆறு மாதம் வைத்து உழைக்கலாம், அவசரமாக மேடையேற்ற வேண்டியதில்லை. என் பாட்டுக்கு வகுப்பு செய்த உபகாரங்களில் இதைத்தான் பைரவிக்கு அடுத்தபடியாகச் சொல்வேன்.

எத்தனை பேரோடு ஆரம்பிக்கலாம்? (திருச்சிப் பாடகியே மறுபடியும்)

இரண்டு பேர் போதும்மா. முதல் பாடமான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில், மூன்று காலம் (வேகம்). முதல் காலத்தை அவசரப்படாமல் நீயும் பாடு. உன் ரிஷபம் ('ரி' ஸ்வரம்) எங்கே நிற்கிறது என்று அப்போது கேட்டுப் பார், பிறகு எனக்கு எழுது.