அரிசி நல்ல அரிசிதான் அண்ணா: ஒரு கடிதமும் பதிலும்

அன்பான அண்ணனுக்கு ஸ்தோத்திரம்,

நாங்க அம்பத்தூர் பக்கம் இருக்கோம். எங்க வீட்டுக்காரர் ஒரு கம்பெனில ஃபிட்டரா இருந்தாங்க. போன வருஷம் ரெண்டு கிட்னியும் ஃபெயிலியர்னு சொல்லிட்டாங்க, இப்ப வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். வேலை போச்சு. நான் வீட்லயே ஜாக்கெட் தைக்கிறேன். சபையில எங்களுக்காக ஜெபிச்சாங்க, அதுக்கு நன்றிதான். போன மாசம் ஒரு ஞாயிறு ஆராதனை முடியுற நேரம் எங்க பேரைச் சொல்லி முன்னாடி கூப்பிட்டு அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு கவர் எல்லாம் குடுத்தாங்க. வாங்குறப்ப போட்டோ எடுத்தாங்க. சாயங்காலம் அது சபை வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு, சிலர் ஸ்டேட்டஸ்லயும் வச்சாங்க. என் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா, கூடப் படிக்கிற பிள்ளை அதப் பாத்துட்டு அவகிட்ட கேட்டிருக்கு. அன்னையிலருந்து சபைக்கு வரமாட்டேன்னுட்டா. அரிசி நல்ல அரிசிதான் அண்ணா, அதத்தான் சாப்பிட்டோம். ஆனா வாங்கிச் சாப்பிட்டுட்டு மனசு இப்படிக் கசக்குதே, இது பாவமா? நான் நன்றி கெட்டவளா?

பேர் போடாதீங்க.

---

அன்பான தங்கச்சிக்கு,

இல்லம்மா. நீங்க நன்றி கெட்டவங்க இல்ல. அத முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

உங்க கடிதத்த மூணு நாளா திரும்பத் திரும்ப வாசிச்சேன். வாசிக்க வாசிக்க எனக்கு பைபிள்ல அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுல ஸ்தேவானைப் பத்தி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்போம், ஆனா அந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க, ஒரு முறுமுறுப்புல ஆரம்பிக்குது. எருசலேம் சபையில தினமும் விதவைகளுக்குச் சாப்பாடு கவனிச்சிட்டிருந்தாங்க, அதுல கிரேக்கு பாஷை பேசுறவங்களோட விதவைகளச் சரியா கவனிக்கலன்னு ஒரு பேச்சு கிளம்புது. யாருக்காக அந்தப் பேச்சு? உதவி வாங்குற ஜனங்களுக்காக. அவங்ககிட்ட அப்போஸ்தலர்கள் "கிடைக்கிறதே பெருசு, இதுல குறை வேறயா"ன்னு சொல்லலையே. சபையாரக் கூட்டினாங்க, ஏழு பேரத் தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க. அந்த ஏழு பேரையும் வாசிச்சுப் பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, அத்தனையும் கிரேக்குப் பேரு. குறை எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலயே பொறுப்பக் குடுத்துட்டாங்கன்னுதான் நான் அத வாசிக்கிறேன். வாங்குறவங்க மனசு புண்பட்டா அதக் கேக்கணும், கேட்டு முறைய மாத்தணும், முதல் சபை அதத்தான் செஞ்சுச்சு. அதனால உங்க கசப்ப பாவம்னு நினைக்காதீங்க.

இன்னொரு இடம் கொரிந்து பட்டணத்துச் சபை, 1 கொரிந்தியர் 11ல வருது. அங்க அப்ப இப்ப மாதிரி ஆலயக் கட்டடம் கிடையாது, கொஞ்சம் வசதியானவங்க வீட்லதான் கூடுவாங்க, கர்த்தருடைய பந்தியும் அப்ப உண்மையான சாப்பாட்டோட சேர்ந்துதான் நடந்துச்சு. வசதியானவங்க அவங்கவங்க கொண்டாந்தத முந்திச் சாப்பிட்டுடுறாங்க, இல்லாதவங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஒருத்தன் பசியோட நிக்கிறான் இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சிருக்கான்னு அப்போஸ்தலன் பவுல் எழுதுறாரு. இங்க பவுல் என்ன வார்த்தை போடுறாருன்னுதான் நான் எப்பவும் நின்னு பாப்பேன். இல்லாதவங்களப் பட்டினி போடுறீங்களேன்னு கேக்கல. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?"ன்னு கேக்குறாரு. அவங்கள வெக்கப்படுத்துறத, தேவனுடைய சபையை அசட்டை பண்றதோட ஒரே மூச்சுல வச்சுப் பேசுறாரு. பசி ரெண்டு மணி நேரத்துல தீந்துடும்மா, வெக்கம் அப்படித் தீராது, உங்க பொண்ணுக்கு இன்னும் தீரலயே.

எங்க அப்பா இறந்தப்ப எனக்கு பதினோரு வயசு. அப்ப நாங்க சாத்தான்குளம் பக்கம் ஒரு ஊர்ல இருந்தோம். எங்க தெருவுல ஒரு பெரியம்மா, சொந்தம் கிடையாது, ஒரே சபை, அவ்வளவுதான். வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி ஏழு மணி வாக்குல பின்வாசல் வழியா வருவாங்க, ஒரு தூக்குவாளில குழம்பு இருக்கும், அதுக்கு மேல தட்டுல ஏதாவது இருக்கும். வந்து அம்மாகிட்ட "ஏட்டி, இன்னைக்கு நிறைய வச்சிட்டேன், வீணாப் போயிரும்"னுதான் சொல்லுவாங்க, ஒருநாள் கூட உங்களுக்குன்னு கொண்டாந்தேன்னு சொன்னதில்ல. அம்மா அந்தத் தூக்குவாளிய ஒருநாளும் வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டாங்க, முருங்கைக்கீரை ரெண்டு இணுக்காவது, நாலு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் குடுப்பாங்க, பெரியம்மாவும் "இது எதுக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம வாங்கிக்குவாங்க. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அம்மாவுக்கும் குடுக்கிறதுக்கு ஒண்ணு இருக்குன்னு அவங்க வாங்கிக்கிட்டதுதான் குழம்ப விடப் பெரிய உதவின்னு இப்பத்தான் தெரியுது. ரெண்டு வருஷம் அப்படி நடந்துச்சு, எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது.

இப்ப உங்க சபைக்காரங்களப் பத்தியும் நியாயமாப் பேசணும். அவங்க கெட்டவங்க இல்லம்மா. இத நான் சும்மா சொல்லல, நானே அந்தத் தப்பச் செஞ்சவன். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க வாலிபர் ஐக்கியத்தோட முடிச்சூர் பக்கம் போர்வையும் பிரெட்டும் கொண்டு போனோம். பணம் குடுத்தவங்களுக்குக் காட்டணும்னு நான்தான் போன வச்சு வரிசையா போட்டோ எடுத்தேன். ஒரு பெரியவர் போர்வைய ஒரு கையில வாங்கிக்கிட்டு இன்னொரு கையால முகத்த மறைச்சுக்கிட்டாரு. நான் "ஐயா கையை எடுங்க"ன்னு சொன்னேன். எடுத்தாரு. அந்த போட்டோவ அன்னைக்கு ராத்திரியே அழிச்சிட்டேன், ஆனா அவர் கையை எடுத்தது கண்ணுக்குள்ளயே இருக்கு, இந்த விஷயம் பேசுறப்பல்லாம் அந்த முகம்தான் வருது.

கணக்குக் காட்ட வேண்டாமான்னு கமிட்டில கேப்பாங்க. கண்டிப்பாக் காட்டணும். வறுமையில இருந்த எருசலேம் விசுவாசிகளுக்காக பவுல் மக்கெதோனியா, அகாயா, கலாத்தியான்னு சபை சபையா பணம் சேத்தாரு, அதுல மக்கெதோனியாக்காரங்களே கொடிய தரித்திரத்துல இருந்தவங்க. அந்தப் பணத்த அவர் தனியா எடுத்துட்டுப் போகல, யாரும் குற்றம் சொல்லிடக் கூடாதுன்னு சபைகள் தெரிஞ்செடுத்த ஆள் கூட வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணினாருன்னு 2 கொரிந்தியர் 8ல இருக்கு. பணத்துக்கு அவ்வளவு கணக்கு இருக்கு, ஆனா எருசலேம்ல அத வாங்கின ஒரு குடும்பத்து பேராவது நமக்குத் தெரியுமா? பணம் குடுத்தவங்களுக்குக் கணக்குச் சொல்லணும், எவ்வளவு வந்துச்சு எவ்வளவு போச்சுன்னு. யார் முகமும் அதுக்கு ரசீது இல்ல.

கி.பி. 155 வாக்குல ரோமாபுரியில யுஸ்தீன்னு ஒரு விசுவாசி, பின்னால ரத்தசாட்சியா மரிச்சவர், நாங்க ஞாயித்துக்கிழமை என்ன செய்யுறோம்னு ரோமப் பேரரசரான ராயனுக்கே எழுதியிருக்காரு. இருக்கிறவங்க மனசுப்படி குடுக்கிறத ஆராதனை நடத்துறவர்கிட்ட ஒப்படைப்பாங்க, அவர் அதுலருந்து திக்கற்ற பிள்ளைகள், விதவைகள், வியாதிக்காரங்க, ஜெயில்ல இருக்கிறவங்க, ஊருக்குப் புதுசா வந்தவங்க எல்லாரையும் பாத்துக்குவாரு, வர முடியாதவங்களுக்கு அப்பத்த உதவிக்காரங்க வீட்டுக்கே கொண்டு போய்க் குடுப்பாங்கன்னு. கை மாறிப் போறதால குடுத்தவன் யாருன்னு வாங்குறவனுக்குத் தெரிய வேண்டியதில்ல, யாரும் யார் முன்னாடியும் கூனிக் குறுகி நிக்க வேண்டியதும் இல்ல. நம்ம பாட்டிமார் கைப்பிடி அரிசியும் இதே மாதிரிதான், உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து சபைக்குன்னு தனியா வைப்பாங்க, மிசோரம் சபைகள்ல இன்னைக்கும் அந்த வழக்கம் இருக்கு, எல்லா வீட்டுப் பிடியும் ஒரே மூட்டைல விழுந்த பிறகு எது யார் வீட்டு அரிசின்னு எவன் பிரிக்க முடியும்.

சபையில இருக்கிற மத்தவங்களும் இத வாசிப்பாங்க, அதனால ஒண்ணு கேக்குறேன். டயாலிசிஸ்னா ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் மெஷின்ல படுக்கணும், முடிஞ்சு எந்திரிச்சா தலை சுத்தும், பஸ்ல நின்னுட்டு வர முடியாது. அந்த ரெண்டு நாளும் இந்தத் தங்கச்சி தையல் மெஷின மூடி வச்சிட்டுப் போகணும், அன்னைக்குத் தையல் கூலி கிடையாது. பத்து கிலோ அரிசிய விட, வண்டி வச்சிருக்கிற ஒரு தம்பி கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தா அது எவ்வளவு பெருசு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா, அரசு ஆஸ்பத்திரில இலவசமா டயாலிசிஸ் கிடைக்குமான்னு விசாரிச்சு, வருமானச் சான்றுக்கு அலைஞ்சு திரிஞ்சு வாங்கிக் குடுக்க ஒரு ரிட்டயர்ட் அண்ணாச்சி போதுமே. நீங்க ஜாக்கெட் தைக்கக் குடுக்கிறத உங்க சபையில இந்த மாதிரி தைக்கிற ஒரு தங்கச்சிகிட்ட குடுங்க, முழுக் கூலி குடுங்க, பேரம் பேசாதீங்க. இதையெல்லாம் எந்த போட்டோவுலயும் எடுக்க முடியாது.

தங்கச்சி, நீங்க ஒண்ணு செய்யணும். உங்க பாஸ்டரத் தனியாப் போய்ப் பாருங்க. மத்தேயு 18 சொல்ற மாதிரி நீயும் அவனும் தனித்திருக்கையில சொல்லணும், குரூப்ல எழுதாதீங்க. "குடுத்ததுக்கு நன்றி ஐயா, அந்த போட்டோவ மட்டும் எடுத்துடச் சொல்லுங்க, என் பொண்ணு சங்கடப்படுறா"ன்னு சொல்லுங்க போதும். பெரும்பாலும் அவருக்கு அது தோணியே இருக்காது, கேட்டதும் மனசு உடஞ்சு போவாரு, நான் அப்படித்தான் நம்புறேன். உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் உங்க பேர் வெளிய வராம பேசுறேன்.

பாப்பாவ இப்ப சபைக்கு வான்னு கட்டாயப்படுத்தாதீங்க. அவ விசுவாசத்த விட்டுட்டான்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. அவ வயசுல அது மான உணர்ச்சிம்மா, அது நல்ல குணம். ராத்திரி வீட்ல மூணு பேரும் சேந்து ஜெபிங்க, அப்பா கைய அவ பிடிச்சுக்கட்டும், இப்போதைக்கு அதுவே ஆராதனை.

ஆவடியில எனக்குத் தெரிஞ்ச ரெண்டு தம்பிங்க இருக்காங்க, ரெண்டு பேருகிட்டயும் வண்டி இருக்கு, கேட்டுட்டேன், வரேன்னுட்டாங்க. டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்குன்னு மட்டும் எனக்குத் தனியா எழுதுங்க. கூடவே உங்க ஜாக்கெட் கூலி எவ்வளவுன்னும் எழுதுங்க, எங்க வீட்ல நாலு துணி தைக்காமக் கெடக்கு.